நான்காவது குறிப்பு

இப்போது இருக்கும் சுபாங் ஜெயா வீட்டுப் பால்கனியில் முதல் கேரட் நாற்றைப் பிடுங்கியதும் விரலில் அந்தப் பச்சை வாசனை ஒட்டிக்கொண்டது. முதன்முதலில் அது ஒட்டியபோது எனக்கு ஒன்பது வயது.

அப்போதிருந்த கிள்ளான் வீட்டின் பின்பக்கம், மீன்கடை வெள்ளைப் பெட்டியில் மணல் கலந்து அம்மா கேரட் விதைத்திருந்தார். வயிறு பெரிதாகி அவரால் குனிய முடியாமல் போனதும் பெட்டி என் பொறுப்பானது. விதை பாக்கெட்டின் குறிப்புகளை நோட்டில் வரிசையாக எழுதி, முடித்ததற்கெல்லாம் டிக் போட்டேன்.

"பாப்பாவுக்கு மசிச்சுக் கொடுக்கலாம்லா," என்பார் அம்மா.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது நான்காவது குறிப்பை முடித்தேன்: நெருக்கமாக முளைத்தவற்றில் ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கவும்.

அன்று மாலை அம்மா வெறுங்கையோடு வந்தார். பாப்பா பிறந்து ஒரு நாள்தான் இருந்ததாம். நேராகப் பின்பக்கம் வந்தவர், சிமெண்ட் தரையில் நான் குவித்திருந்த நாற்றுகளைப் பார்த்தார்.

"ஏன்டி பிடுங்கின?"

"பாக்கெட்ல போட்டிருக்கும்மா. விட்டா எதுவுமே பெருசாகாதாம்."

அம்மா தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப நட ஆரம்பித்தார்.

"போதும்லா, உடம்பு என்னத்துக்கு ஆகும்? உள்ள வா," என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்சம்தாங்க."

நான் தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். மறுநாள் வெயிலில் அத்தனையும் சாய்ந்து கிடந்தன.

பிடுங்கிய கேரட் நாற்று திரும்ப வேர் பிடிப்பது அரிது என்று எனக்கு இப்போது தெரியும். அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

பால்கனியில், கையிலிருந்த நாற்றை, விரலாலேயே குழி போட்டு, மறுபடி நட்டேன்.