ம் கொட்டியதற்கு ஒரு விசாரணை

விதி இப்படித்தான் சொல்கிறது: கேட்டல் பரீட்சையின்போது பரீட்சார்த்தி ஒருவர் ஒலி எழுப்பினால், மண்டப மேற்பார்வையாளர் முதலில் அவரை வாய்மொழியாக எச்சரிக்க வேண்டும். மறுபடியும் எழுப்பினால், எழுத்தில் எச்சரித்துக் கையொப்பம் பெற வேண்டும். மூன்றாம் முறையும் நடந்தால் மட்டுமே பெறுபேற்றை நிறுத்திவைக்கலாம்.

நல்ல விதி. யாரோ ஓர் அறிவாளி ஆறுதலாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒரேயொரு குறை... அதை முழுவதும் வாசித்தவர்கள் இந்த நாட்டில் இரண்டே பேர். ஒருவர் எழுதியவர். மற்றவர் நான்.

ஓய்வு பெற்ற நிர்வாக உத்தியோகத்தர்களுக்கு வேறென்ன வேலை?

விஷயத்துக்கு வருகிறேன். கோகிலா என் மனைவி சரோஜாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி இருக்கிறாள். கண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் தெல்தெனிய போய், அங்கே ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்க்கிறாள். நியமனக் கடிதத்தின்படி அவள் எழுதுவினைஞர். ஆனால் அந்தக் கந்தோருக்குச் சிங்களக் கடிதத்தோடு வரும் தமிழர், வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தோடு வரும் சிங்களவர் எல்லாரும் நேரே அவள் மேசைக்குத்தான் போவார்கள். பல வருடங்களாக மதியச் சோறு ஆறிப்போவதுதான் அவள் கண்ட பலன்.

இந்த வருடம் கண்டியில் மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. மூன்று மொழி வேண்டும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, உயர்நிலை ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல் இரண்டிலும் தேறிச் சித்தி பெற்றிருக்க வேண்டும். கோகிலாவுக்கு இந்த வருடத்தோடு நாற்பத்தைந்து முடிகிறது. அடுத்த விளம்பரம் வரும்போது அவள் தகுதியானவளாக இருப்பாள்... வயதைத் தவிர.

ஆகவே இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

வாசிப்பு அவளுக்குப் பிரச்சினையில்லை. பழைய வினாத்தாள்களை வாங்கிவந்து பென்சிலால் கோடு போட்டு முடித்தாள். அந்தப் பந்திகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பென்குவின்களின் நடை. ஏதோ ஒரு நூதனசாலையின் கூரையைத் திருத்திய வரலாறு. பாலாடைக் கட்டிக்குள் வளரும் பூஞ்சணம். உயர்நிலை ஆங்கிலம் என்றால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் உயர்நிலை அக்கறை காட்டுவது போலும்.

கேட்டல்தான் சிக்கல். நாம் ஆங்கிலம் கேட்டதெல்லாம் நம்முடைய ஆட்களின் வாயிலிருந்துதானே? பரீட்சையில் வேறு ஆட்கள் பேசுவார்கள். ஒருத்தி கூடாரம் அடிக்க இடம் பதிவு செய்வாள். பிறகு திகதியை மாற்றுவாள். பிறகு நாயையும் கூட்டிவரலாமா என்று கேட்பாள். எந்தத் திகதி, எத்தனை நாய் என்பதை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர் ஒருவர் பாதி வசனத்தில் மனதை மாற்றிக்கொள்வார். அவர் மாற்றியதும் நாமும் மாற வேண்டும்.

கோகிலா தெல்தெனிய பஸ்ஸில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தாள். போகும்போது கூடாரம், வரும்போது விரிவுரை. பஸ் நடத்துனர், இந்த நோனா அம்மா யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறா, அந்தப் பக்கத்து ஆள் மூச்சே விடுவதில்லையா என்று பின்னாலிருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். அவள் பேசவேயில்லை. "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது அதை ஒரு பகிடியாகத்தான் வந்து சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

நம்மவர்கள் கேட்பது என்றால் அதுதானே? ஒருவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது நம்மிடையே மரியாதை அல்ல, கோபம். புசல்லாவையில் இருக்கும் என் மாமியாரோடு தொலைபேசியில் பேசிப் பாருங்கள். மலைப்பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். நாலு சொல்லுக்கு ஒரு "ம்" கேட்காவிட்டால், "ஹலோ... ஹலோ... லைன் கட்டாயிருச்சா?" என்று கதையை முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே கோகிலா சின்ன வயதிலிருந்தே ஒழுங்காக ம் கொட்டப் பழகியவள்.

பரீட்சை நாள் வந்தது. நகரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். ஆளுக்கொரு ஹெட்ஃபோன். வாசிப்பு காலையில் முடிந்தது, கேட்டல் பிற்பகலில். காது இரண்டும் இறுக மூடியிருந்தால் நம் குரல் நமக்கே கேட்காது. கேட்காதபோது அது எவ்வளவு சத்தம் என்றும் தெரியாது.

கோகிலா முழுக் கவனத்தோடு கேட்டாள். எவ்வளவு கவனம் என்பதற்கு மண்டபமே சாட்சி.

கூடாரக்காரி திகதி சொன்னதும் ஒரு "ம்". நாயைப் பற்றிச் சொன்னதும் ஒரு "ம்". விரிவுரையாளர் மனதை மாற்றியபோது கொஞ்சம் நீளமாக "ம்ம்ம்". மேற்பார்வையாளர் அம்மையார் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கோகிலா நிமிர்ந்து ஒரு புன்னகை செய்துவிட்டுத் தொடர்ந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எச்சரிக்கை இல்லை. கையொப்பம் இல்லை. விதியின் நிலைமை அப்படி.

மே மாதம் பெறுபேறு வந்தது. வாசிப்பு, சித்தி. கேட்டல், "நிறுத்திவைக்கப்பட்டுள்ளது".

கோகிலா அன்று எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தவள் தேத்தண்ணீரைத் தொடவேயில்லை. யாருக்கும் விடை காட்டவுமில்லை, யாரையும் எட்டிப் பார்க்கவுமில்லை, பிறகு என்ன குற்றம் செய்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை பரீட்சார்த்திக்கு உண்டு. அதை நான் எழுத்தில் கேட்டேன், பதிவுத் தபாலில். கோகிலாவின் வீடு பகலில் பூட்டிக் கிடப்பதால் என் விலாசத்தைக் கொடுத்தேன். அபூர்வமாக இதற்குப் பதில் வந்தது. மேற்பார்வையாளரின் அறிக்கையில், அவள் கேட்டல் பகுதி முழுவதும் ஒலி எழுப்பியதாகவும், அது பக்கத்திலிருந்தவர்களுக்கு விடை சொல்லும் சமிக்ஞையாக இருக்கலாம் எனச் சந்தேகிப்பதாகவும் இருந்தது.

சமிக்ஞையாம்!

நான் சத்தமாக வாசித்தேன். சரோஜா சிரிக்கத் தொடங்கி, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மட்டும் என்னவாம்? பேப்பர் வாசிச்சுக் காட்டுறப்ப அவ 'ம்' சொல்லாட்டி, நிப்பாட்டிட்டு கண்ணாடிக்கு மேலால பாப்பீங்களே."

இந்தக் குற்றச்சாட்டுக்கு நான் மேன்முறையீடு செய்யவில்லை.

கோகிலாவுக்காக எழுதிய மேன்முறையீட்டில் விதியை முழுவதும் மேற்கோள் காட்டினேன். எச்சரிக்கை எங்கே, கையொப்பம் எங்கே என்று கேட்டேன். இறுதியில் ஒரு தர்க்கமும் சேர்த்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் இருக்கையில், எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" சொல்பவர் மற்றவர்களுக்குச் செய்வது உதவியா, உபத்திரவமா?

பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால், அந்த மிஸ் லீவு. மறுநாள் கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறது. மேலே என்றால் எத்தனையாம் மாடி? கட்டடத்துக்கு ஒரே மாடிதான்.

மொழிபெயர்ப்பாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை ஜூன் பதினைந்தாம் திகதி. அதற்கு ஒரு வாரம் முன்பு நானும் கோகிலாவும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பரீட்சைக் கந்தோருக்கு நேரிலேயே போனோம். கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி. அவருக்குச் சிங்களத்தில் நான் ஆதியோடந்தமாக விளக்கினேன்: பஸ், ஹெட்ஃபோன், விதி, உபவிதி. அவரும் பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, மேற்பார்வையாளர் ஒருவரின் அறிக்கையைத் தன்னால் மாற்ற முடியாது என்றார். காரணமில்லாமல் ஒருவர் பரீட்சை மண்டபத்தில் சத்தம் போடுவாரா என்றும் கேட்டார்.

அதுவரை கோகிலா வாயைத் திறக்கவில்லை. இப்போது மெதுவாகச் சொன்னாள், சிங்களத்தில்:

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. அத்தான் பேசினப்போ நீங்களும் 'ஹ்ம், ஹ்ம்'னு சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. யாருக்கு மிஸ் விடை சொன்னீங்க?"

முப்பது வருட அரச சேவையில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேசியவர்களின் கோப்பு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். பக்கத்துக் கதிரைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அதிகாரியும் சிரித்தார். மேன்முறையீட்டின் பிரதியை வாங்கி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, கையொப்பமிட்டு, இன்றைக்கே மேலே அனுப்புகிறேன் என்றார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. காட்டக் கூடாது என்பதும் விதிதான்.

வெளியே வந்ததும், இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"துணிச்சல் எல்லாம் இல்ல அத்தான். நீங்க சொன்னது அவங்களுக்கு விளங்கல. நான் விளங்கப்படுத்தினேன். அதானே நம்ம வேலை."

ஜூன் பதினைந்து வந்தது. பதில் வரவில்லை. மேன்முறையீட்டின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கொடுத்து, நிலுவையிலுள்ள பெறுபேறு என்று சொல்லும்படி அனுப்பினேன். நேர்முகக் குழு அவளுக்கு ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லச் சொன்னது. சொன்னாள். தலைவருக்குத் திருப்தி. மற்றதெல்லாம் சரி, இந்தக் கேட்டல் பெறுபேறு மட்டும்தான் பாக்கி, இரண்டு வாரம் தருகிறோம், ஜூன் இருபத்தொன்பதுக்குள் கொண்டுவந்து கொடுத்தால் பதவி உங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு என்று சொல்லி எழுத்திலும் கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டு வாரமும் தபால்காரரின் மணிச் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். மின்சாரக் கட்டணப் பட்டியல் வந்தது. யாருடையதோ கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கு ஓய்வூதியத் திணைக்களத்திலிருந்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரித்து ஒன்று வந்தது. கோகிலா கந்தோரிலிருந்து மதியத்தில் தொலைபேசி எடுப்பாள். சரோஜா "இல்ல" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் இருபத்தொன்பதும் வந்தது. அன்று பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். தபாலும் இல்லை, கந்தோரும் இல்லை. வீதியெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் பந்தல். ஐஸ்கிறீம் கொடுக்கும் பந்தலுக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. கோகிலா வாடிய முகத்தோடு வந்து, "முடிஞ்சது" என்று உட்கார்ந்தாள்.

முடியவில்லை என்றேன். இறுதி நாள் அரச விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாள் மூடும் நேரம்வரை ஏற்றுக்கொள்ள வேண்டும். போயா விடுமுறை. ஆகவே நாளைக்கு நாலேகால்வரை உனக்கு நேரம் இருக்கிறது.

அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத இன்னைக்குத்தான் சொல்லணுமா அத்தான்? ரெண்டு வாரமா நான் ஒழுங்காத் தூங்கல."

"முன்னமே சொல்லியிருந்தா ஒரு நாள் கூடுதலா தூங்காம இருந்திருப்ப."

சரோஜா உள்ளே எழுந்து போய்விட்டாள். எச்சரிக்காமலே தண்டிப்பதில் அவளும் ஒரு மேற்பார்வையாளர் அம்மையார்தான்.

மறுநாள் கோகிலா லீவு போட்டாள். எங்கள் வாசல் கேற்றுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை அவளே நின்ற இடத்தில் அக்காவுக்குத் தமிழில் சொன்னாள்: நிறுத்திவைப்பு நீக்கப்படுகிறது, கேட்டல் சித்தி, இனிமேல் பரீட்சை மண்டபத்தில் அமைதி பேணவும். மன்னிப்பு இல்லை. நான் மேற்கோள் காட்டிய விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முச்சக்கர வண்டி பிடித்து நேர்முகக் குழுவின் கந்தோருக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பெறுபேற்றைக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கிவிட்டாள்.

பெறுபேற்றுத் தாளில் கையொப்பமிட்ட திகதி, ஜூன் பத்து. இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து அது எங்கள் கேற்றுக்கு வந்து சேர்ந்த திகதி, ஜூன் முப்பது.