விலா எலும்பு கரையாது

மார்பை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மேலே பன்னிரண்டு, கீழே ஆறு. கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் மணியைச் சொல்லி எழுத வேண்டும். வலது, நான்கு மணி. இடது, பதினொன்று. கல்வராயன் மலையில் முகாம் போடுகிற நாட்களில் எனக்கு நேரமே குழம்பிப்போகும். வெளியே வெயில் ஒரு மணி சொல்லும். திரைக்குள் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கடிகாரம் இருக்கும். பெரும்பாலும் எந்த மணியும் அடிக்காத, நிம்மதியான கடிகாரங்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. காலில் சக்கரம். திருக்கோவிலூரில் இரண்டு வருடம், ரிஷிவந்தியத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு, நானே கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறிய நர்ஸ் நான். முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சந்தேகம் என்றால் சீட்டு எழுதிக் கீழே கள்ளக்குறிச்சிக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் இரண்டு புடவையைக் குறுக்கே கட்டினால் முகாம் தயார். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து கரும்பலகை வரை போய் நிற்கும். படுத்திருக்கிற பெண்ணும் நானும் மேகத்துக்குள் இருப்பது போல இருக்கும்.

சோதிக்கும்போது நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். மேலுடம்பைத் திறந்து படுத்திருக்கிறவளைப் பார்த்தால் அவள் கூசிச் சுருங்குவாள், தசை இறுகிவிடும். அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுவரில் உயிரெழுத்துகள் எழுதியிருக்கும். அ-வில் ஆரம்பித்து ஔ வரைக்கும் கண் போய்வருவதற்குள் மூன்று விரல்கள் தங்கள் வேலையை முடித்துவிடும். இதை நான் மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

ஒரு முகாம் நாளில் பதிவு மேசைக்கு வரவேண்டியவர் வரவில்லை. காலையில் நானே உட்கார்ந்து ஆதார் கார்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒல்லியாக ஒருத்தி வந்தாள். கார்டில் இருபத்தேழு வயது.

"உனக்கு இன்னும் வயசு ஆகலம்மா."

"எனக்கு மூணு புள்ள இருக்குதுங்க சிஸ்டர். பெரியவ ஒம்பதாவது படிக்கறா."

"இருக்கட்டும். முப்பது முடிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும்."

வரிசையில் பின்னாலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள். "போடி, போயி இன்னும் மூணு பெத்துக்கினு வா. முப்பது ஆயிடும்!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். மலையில் கார்டு எடுக்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியாததல்ல. ஒன்பதாவது படிக்கிற மகள் இருக்கிறவளுக்கு இருபத்தேழு எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

மதியம் பதிவுக்கு ஆள் வந்துவிட்டதால் நான் திரைக்குள் போனேன். பதிவு மேசையில் வாங்கிய சீட்டும் கையுமாகப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து படுத்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எ, ஏ, ஐ. விரல்கள் பனியில் வழி தேடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. ஒருத்தியிடம் நின்றன. இடது, இரண்டு மணி. புளியங்கொட்டை அளவு. தள்ளினால் நகரவில்லை. அதன் கீழே விலா எலும்பு ஒன்று தூக்கலாக இருந்தது, எப்போதோ முறிந்து கோணலாகக் கூடினது போல. அந்த எலும்பின் அடியில் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

கட்டி என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பயந்து வராமல் இருந்துவிடுவார்கள் என்பது நாங்கள் வைத்திருந்த வழக்கம். "கள்ளக்குறிச்சில ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம், பயப்படாத" என்று மட்டும் சொல்லி, தலை நிமிராமல் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். வயது நாற்பத்தொன்று என்று சீட்டு சொன்னது.

பத்து நாள் கழித்து அந்தப் பெயருக்குரியவள் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தாள். மலையிலிருந்து வருகிறவர்களைக் கூடவே இருந்து காட்டிவிட்டு அனுப்புவது என் பொறுப்பு. ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா கையால் பார்த்தார், ஒன்றுமில்லை. "சில கட்டி தீட்டு வந்து போனதும் கரைஞ்சிடும் சிஸ்டர், நல்லதுதானே" என்றார். அவளுக்குச் சந்தோஷம். ஜாக்கெட் கொக்கியைப் போடப்போனவளை நிறுத்தி, "ஒரு நிமிஷம்" என்று நானும் கை வைத்தேன்.

சுவரில் எழுத்துகள் இல்லை. வெறும் வெள்ளை. இடது, இரண்டு மணி. கட்டி இல்லை. விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். விலா எலும்புகள் ஓடையில் கிடக்கும் கல்போல வழவழவென்று வரிசையாக இருந்தன. கட்டி கரையலாம். எலும்பு எப்படிக் கரையும்?

முதல் தடவையாக அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

"அன்னிக்கு பள்ளிக்கூடத்துல உள்ள வந்து படுத்தது நீங்கதானா?"

"சீட்டுல எம் பேருதான இருக்குது?"

"பேரு இருக்குது. ஆளு?"

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "எங்க ஓரவத்திங்க. எங்க கொழுந்தன் சம்சாரம். அவளுக்கு வயசு பத்தலன்னு நீங்கதான தொரத்தி வுட்டீங்க? மூணு புள்ள பெத்தவளுக்கு வயசு பத்தலயாம்! ரெண்டு மாசமா அங்க இன்னாவோ குத்துதுன்னு சொல்லிக்கினே இருந்தா. அதான், எஞ்சீட்ட எடுத்துக்கினு போடின்னேன். எனக்கு இன்னா, நான் நல்லாத்தான இருக்கறேன்."

"அப்ப இன்னிக்கு ஏன் நீங்க வந்தீங்க?"

"பேப்பர்ல எம் பேரு எழுதி இருந்துச்சே. இது உனக்குதான்க்கான்னு அவ எங்கையில குடுத்துட்டா." சிரிப்பு நின்றது. "அவளுக்கு இருந்தத எம் பேருல எழுதிட்டாங்களே, அது எங்கிட்ட வந்துடுச்சோன்னு மூணு நாளா சோறு எறங்கலங்க."

எழுதினால் நோய் பெயர் மாறிப் போய்விடும் என்று அவள் பயந்திருக்கிறாள். நான் மட்டும் என்ன செய்தேன்? நானும் பெயரைத்தான் நம்பினேன். கம்ப்யூட்டரில் அந்தப் பெயருக்கு நேராக, ஒன்றுமில்லை என்று பச்சை விழுந்துவிட்டது. இனி யாரும் யாரையும் தேட மாட்டார்கள். பட்டியலுக்கு வெளியே எங்கேயோ ஒருத்தி, தன்னிடம் இருப்பதை ஓரகத்தியிடம் ஒப்படைத்துவிட்ட நிம்மதியோடு நடந்துகொண்டிருந்தாள்.

"அவ இப்ப எங்க?"

"சங்கராபுரம் பக்கம் மரவள்ளி புடுங்கப் போயிருக்கறா, அவ வூட்டுக்காரரோட. எந்தக் கொல்லைன்னு தெரியாதுங்க. போன் போட்டா எடுக்கல."

அப்போதே கிளம்பினோம். அந்தப் பிற்பகல் எனக்கு இன்றுவரை விழித்திருந்து கண்ட கனவாகத்தான் நினைவிருக்கிறது. சங்கராபுரத்தில் இறங்கி, டீக்கடையில் விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, பிறகு நடந்தோம். இரண்டு பக்கமும் ஆளுயர மரவள்ளி. கை விரித்த மாதிரி இலைகள். வரப்பில் போகப் போக ஒரே கொல்லைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றும். இலைகளுக்கு நடுவில் ஒல்லியான முதுகு ஒன்று தெரியும். ஓடிப் பார்த்தால் வேறொருத்தி நிமிர்வாள். எத்தனை முதுகுகள்! இவர்களில் எத்தனை பேருக்குக் கார்டில் வயது பத்தாமல் இருக்கும் என்று எண்ணம் ஓடியது. மூத்தவள் முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

நான்காவது கொல்லையில் இருந்தாள் இளையவள். தண்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். மண் பிளந்து கிழங்கு கொத்தாக வந்தது. எங்களைப் பார்த்ததும் கொத்தைக் கீழே போட்டாள்.

"இன்னாக்கா, உனக்கு இன்னா சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லடி. உனக்குத்தான் பாக்கணுமாம்."

நான் சொன்னேன், இந்தத் தடவை மறைக்காமல். கட்டி இருக்கிறது, என் கையில் தட்டுப்பட்டது, அது என்னவென்று உடனே பார்க்க வேண்டும். அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பியது என் தப்பு. குத்துகிறது என்று சொல்லி வருகிறவளுக்கு வயதுக் கணக்கே கிடையாது.

அவள் புருஷன் மண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "லாரி வந்துக்கினு இருக்குதுங்க. ஆளு கம்மி. ஒரு வாரம் போவட்டும், நானே இட்டாறேன்."

ஒரு வாரம் பல பேருக்கு ஒரு வருடமாகியிருக்கிறது. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா, கெழங்கு பத்து நாளு மண்ணுலயே கெடந்தா இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. இவ ஒடம்புல இருக்கறது அப்டி சும்மா கெடக்குமா? ஆளு கம்மின்னா நான் புடுங்கறேன். தள்ளு."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் இறங்கிவிட்டாள். இளையவள் வாய்க்காலுக்குப் போனாள். கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த மண்ணைக்கூட விடாமல், நிதானமாக, வெகுநேரம் கழுவினாள். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"என்ன உள்ள வுடுவாங்களா சிஸ்டர்? வயசு பத்தாதே."

"நான் இட்டுக்கினு போறேன்" என்றேன். சமவெளியில் பிறந்து வளர்ந்த என் வாயில் அவள் பேச்சு எப்படி வந்ததோ தெரியவில்லை.

மறுநாள் ஸ்கேன். ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஆன நாட்களில் நான் மலைக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். உட்கார முடியவில்லை. வெள்ளிமலை சாலையோரத்துச் சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் பேருந்துக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் சின்னது.

அறுவை சிகிச்சை நாளில் மூத்தவளும் நானும் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வெற்றிலை போடாமல் தவித்தாள். கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?" என்று மூத்தவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"கட்டிய எடுத்துட்டாங்களாம். பாத்த வரைக்கும் அக்குளுக்குப் பரவல. லேப் ரிப்போர்ட் வரணும். அப்புறமும் மருந்து நெறய இருக்குது."

"அது கெடக்கட்டும். பொழச்சிக்கினாளா?"

"பொழச்சிக்கினா."

அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இளையவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கட்டிலில் மாற்றினார்கள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. வெகு தூரத்திலிருந்து வருகிறவள் போலக் கண்ணைத் திறந்தாள். கட்டுக்குள் இருந்த மார்பைப் பற்றிக் கேட்பாள், என்ன சொல்லலாம் என்று குனிந்தேன்.

"மழ பெய்யுதா?" என்றாள்.

ஜன்னலைப் பார்த்தேன். "இல்ல. நல்ல வெயிலு."

"அப்ப துணி காஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.