விமானம் வந்தால்தான் ஓட்டுவோம்

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் என் வீட்டுப் பின்புற ஷெட்டில் நானும் நண்பன் ரவியும் சிறிய விமானத்துக்கான பிஸ்டன் இன்ஜின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். குறைந்த பெட்ரோலில் அது ஓட வேண்டும். அந்தக் கனவுக்காக ரவி சிறுசேரி ஐ.டி. வேலையையே விட்டிருந்தான்.

இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அதனால் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டுவோம்.

அன்று இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலை மிகவும் குறைத்திருந்தோம். "மச்சான், பிளேன் வருது, ஏத்து!" என்றான் ரவி. வேகத்தை ஏற்றினேன். பெட்ரோல் செலவைக் காட்டும் மீட்டரைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

விமானம் கடந்த பிறகுதான் இன்ஜினுக்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்டது. பெட்ரோல் போதாமல் சூடு மிஞ்சினால் இன்ஜின் அப்படித்தான் எச்சரிக்கும். அணைப்பதற்குள் இறுகி நின்றுவிட்டது. திறந்தால், பிஸ்டனில் ஓட்டை. சிலிண்டரும் போயிருந்தது.

"எப்போலேர்ந்து தட்டிட்டு இருந்துச்சு? உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லடா."

"எனக்கும் கேக்கல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்னொரு இன்ஜின் செய்ய எங்களிடம் பணம் எதுவும் மிச்சமில்லை. ரவி மறுபடி சிறுசேரி பஸ் ஏறுகிறான். என் வீட்டுக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதாவது தட்டுகிறதா என்று கேட்கிறேன். ஷெட் காலியாகத்தான் இருக்கிறது.