லிஃப்டில் இறங்கியவன் எரிமலை ஏறிய கதை

குவைத்தின் அப்பாசியாவில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒழுங்காக ஓடும்போது ஒருவன் படியேறினால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் வியர்த்து வழிய ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது ஹாரிஸ் ஓடி வந்தார். ஹாரிஸ் என்றால் இங்கே கட்டடக் காவல்காரர், எங்கள் ஹாரிஸ் எகிப்துக்காரர். "லிஃப்ட் கொய்ஸ்! கொய்ஸ்!" என்று லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அடித்துச் சொன்னார். எரிமலை ஏறுவதற்குப் பயிற்சி எடுக்கிறேன் என்பதை என் அரைகுறை அரபியில் எப்படிச் சொல்ல? "ஜபல், நார்" என்றேன். மலை, நெருப்பு. அவர் பதறிப்போய், எந்த மாடியில் தீ என்று தேடக் கிளம்பிவிட்டார்.

குவைத்தில் மலை கிடையாது. மேம்பாலத்தில் கார் ஏறுவதுதான் எங்கள் மலைப் பயணம். அதனால் டூட்டி முடிந்ததும் மொட்டைமாடிவரை படியேறுவேன், லிஃப்டில் இறங்குவேன். ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவதற்கு எவனாவது பயிற்சி எடுப்பானா?

வருடா வருடம் லீவு என்றால் திண்டுக்கல்தான். இந்த வருடம் பாலித் தீவு, அதுவும் எரிமலை என்றதும் என் தங்கை போனில் சிரித்தாள். "குவைத் வெயில் பத்தலையாண்ணே? காசு குடுத்து எரிமலைக்குப் போறீங்களாக்கும்!" காரணம் என் மகள் யாழினி. பிளஸ் டூ முடித்துவிட்டாள், கோயம்புத்தூரில் கல்லூரி. அவள் இங்கே குவைத்தில், ஃபஹாஹீலில் பிறந்தவள். ஆனாலும் இந்த நாட்டில் அவள் இருப்பது என் இக்காமா, அதாவது என் குடியிருப்பு அனுமதியின் நிழலில்தான். தொடர்ந்து பல மாதம் வெளியே தங்கினால் அதுவும் செல்லாது. "நம்ம ஊருக்குத்தானேடா போறே" என்றால், "உங்க ஊருக்கு" என்று திருத்துவாள். அட்மிஷன் போட்ட நாளிலிருந்து அதற்குமேல் பேச்சு இல்லை. எரிமலை அவள் கேட்டது. மலைமேல் வைத்தாவது 'நம்ம ஊர்' என்று அவள் வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்பது நான் போட்ட கணக்கு.

மனைவி முழங்காலைக் காரணம் காட்டி விடுதியிலேயே தங்கிவிட்டாள். வழிகாட்டி வயான் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். பாலைவனத்தில் கார் டிக்கியில் ஒரு பெட்டித் தண்ணீர் இல்லாமல் நாங்கள் வெளியே கிளம்ப மாட்டோம். இங்கேயோ பாசியிலிருந்தும் வேரிலிருந்தும் நீர் சொட்டியது, வானமும் கொட்டியது. கொட்டும் மழையில் மலைமேல் தண்ணீர் சுமந்து போனவன் அன்று நான் ஒருவன்தான்.

உச்சியில் பல் தந்தியடித்தது. அடுப்பு போன்ற ஊரிலிருந்து வந்தவன், பாறை வெடிப்பில் கிளம்பிய ஆவியில் குளிர்காய்ந்தேன். வயான் ஆளுக்கொரு ஓலைத்தட்டில் பூ வைத்துக் கொடுத்து, வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுங்கள் என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். நான் போனில் வரைபடத்தைத் திறந்து வடமேற்கே திரும்பி நின்றேன். யாழினியும் தன் போனைப் பார்த்துவிட்டு அதே பக்கம் திரும்பினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, நம்ம ஊரு பக்கமே நிக்கிறே!"

"அப்பா, குவைத்தும் சேம் சைடுதான். இன்னும் கொஞ்சம் தள்ளி."

வயானுக்கு எங்கள் தமிழ் புரியவில்லை. இருவரும் ஒரே திக்கில் நிற்பதைப் பார்த்து, "ஒரே வீடு, ரொம்ப நல்லது" என்று மகிழ்ந்தார். நாங்கள் இருவருமே அவரைத் திருத்தவில்லை.

இறங்கும்போதுதான் என் பயிற்சியின் லட்சணம் தெரிந்தது. கறுப்புச் சரளை காலடியில் வழுக்க, முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. "நீங்க லிஃப்ட்லதானேப்பா இறங்குனீங்க?" என்று யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செமஸ்டர் லீவுக்கு நான் வீட்டுக்கு வரணும்னா, விசிட் விசா எடுப்பீங்களாப்பா?"

"இதென்னடா கேள்வி? எடுப்பேன்."

"உங்களுக்கு அங்க வேலை இருக்கிற வரைக்கும்தானே?"

பிறந்து வளர்ந்த வீட்டுக்கு என் பிள்ளை விசிட் விசா கேட்கிறாள். 'நம்ம ஊர்' பாடத்தை அதன்பிறகு நான் எடுக்கவில்லை.

அவள் கோவை கிளம்பிய அன்று பெட்டியோடு லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். "நீங்க வாங்கப்பா, நான் படியில வர்றேன்" என்றாள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிச் சுவரைத் தடவிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தாள். கீழேயிருந்து ஹாரிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். "லிஃப்ட் கொய்ஸ்!"

"தெரியும் அங்கிள்" என்று அவருடைய அரபியிலேயே சொல்லிவிட்டு, அவள் இன்னும் மெதுவாக இறங்கினாள்.