தயாபரன் அங்கிள் வழுக்கி விழவில்லை

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சாவுச் செய்தி வந்தது. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, "தயாபரன் மோசம் போயிட்டாராம். கண்ணே முழிக்கேல்லையாம்" என்றார். என் அக்காவின் கணவர் சொதியை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, "பாவம், பனியில வழுக்கி விழுந்த மனுசன்" என்றார். அக்கா தலை நிமிரவில்லை. தமிழ்ப் பள்ளியில் நன்றாக எழுதுபவள் என்று, நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அப்பா என்னிடம் சொன்னார். எழுதுகிறேன். அத்தான் அடுத்த அறையில் படுத்திருக்கிறார்.

அங்கிள் கிழமை நாட்களில் செவன் ஹில்ஸ் பகுதியில் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் எங்கள் விழாக்களைப் படம் பிடித்தார். நான் பெரியவளானதற்கு நடந்த சாமத்தியவீட்டில் நான் சிரிக்க மறுத்தபோது எல்லோரும் ஏசினார்கள். அவர் மட்டும், "விடுங்கோ, நாங்கள் கேக்கை எடுப்பம். அது நல்லாச் சிரிக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதைப் பிடித்துவிட்டார்.

அக்காவின் கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம், கல்யாண வீடியோவில் சேர்க்கப் பனிமலைக்குப் படம் எடுக்கப் போனோம். அத்தான், அக்கா, அங்கிள், அக்காவின் கோட்டைப் பிடிக்க நான். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கமெராத் திரையில் அக்காவின் முகம் கரியாக இருந்தது.

"கமெராவை அதின்ர பாட்டில விட்டா, இவ்வளவு வெள்ளையையும் கண்டு பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கிப்போடும். நாங்கள்தான் வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேணும். பனி எப்பிடியும் போகட்டும், பிள்ளையின்ர முகம் தெரிய வேணும்" என்றார் அங்கிள். அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியாமலிருக்க ஒரு கறுப்பு பில்டரையும் மாட்டினார். "மாப்பிளைக்கு மட்டுமே கூலிங் கிளாஸ்? கமெராவுக்கும் வேணுமெல்லே."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தான் அவளுடைய கையைப் பிடித்து, "குளிருது, வா" என்று காருக்குள் இழுத்துப் போனார்.

அவர்கள் திரும்பி வருமுன் காரைப் படம் எடுத்துவிடலாம் என்று அங்கிள் கமெராவைத் திருப்பினார். கார்க் கண்ணாடி முழுவதும் பனியின் மினுக்கம். மினுக்கத்தை நீக்கும் பில்டரைப் போட்டு மெல்லத் திருகினார். வெள்ளை கலைந்து திரையில் காரின் உள்ளே தெரிந்தது. அத்தானின் கைப்பிடிக்குள் அக்காவின் தலைமயிர். அவளுடைய முகத்தை முன்பலகையில் மோதினார். மறுபடியும் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

அங்கிள் கமெராவை நிறுத்தவில்லை. அதை முக்காலியில் என் பக்கத்திலேயே ஓடவிட்டு, நடந்துபோய்க் கார்க் கதவைத் தட்டினார்.

"தம்பி, கதவைத் திற. பிள்ளைக்கு ரத்தம் வருது."

"உன்ர வேலை படம் எடுக்கிறது. போய் எடு."

"எடுத்திட்டன். இனித் திற."

அத்தான் இறங்கினார். நேரே வந்து, என் பக்கத்தில் நின்ற முக்காலியைக் கமெராவோடு பிடுங்கிக்கொண்டு போய் அங்கிளின் தலையில் அடித்தார். அங்கிள் முழங்காலில் விழுந்தார். இரண்டாவது அடியில் எலும்பு உடையும் சத்தம் கேட்டது. பனி சிவந்தது. பிறகு அத்தான் கமெராவைப் பாறையில் அடித்து நொறுக்கி, துண்டுகளை ஓடைக்குள் எறிந்தார். அதே கையால் என் தாடையை நெரித்தார்.

"வழுக்கி விழுந்தவர். விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன். அம்புலன்ஸில் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். மருத்துவமனையில் அங்கிளின் மனைவி, எங்கள் அன்ரி, என் கையைப் பிடித்து, "விழேக்க ஏதும் சொன்னவரோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஓம் அன்ரி, அங்கிள் சொன்னவர். முழங்காலில் நின்றபடி என்னைப் பார்த்து, "பிள்ளை, அக்காவை இறக்கு" என்றார். நான் அசையாமல் நின்றேன்.

இன்று பின்னேரம் அக்காவிடம், உண்மையைச் சொல்லுவோமா என்று கேட்டேன். ஓம் என்று தலையசைத்தாள். நாளைக் காலையில் அத்தான் வேலைக்குப் போனதும் இருவரும் இதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவோம். இதை வாசித்துவிட்டு எங்களைப் பொலிசுக்குக் கூட்டிப் போங்கள்.

அங்கிள், கண் கூசும் அந்த வெளிச்சத்தில், கோட்டும் போடாமல், ஒரு முறைகூடத் திரும்பிப் பாராமல் அந்தக் கார்க் கதவை நோக்கி நடந்தீர்கள். போயிட்டு வாங்கோ. அக்காவை நான் இறக்குகிறேன்.