ஐந்து முதல் ஒன்பது வரை

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் என் கணவர். நான் கேட்டு அவர் எடுத்த பொறுப்பு அல்ல. அவராகவே எடுத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன்.

இருபது வருடங்களுக்கு மேல் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் நின்றவர் அவர். அந்தத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியபோது கொம்யூன், அதாவது டென்மார்க்கின் நகரசபை, முன்கூட்டியே ஓய்வூதியம் கொடுத்து அவரை வீட்டில் இருத்தியது. எனக்குப் பக்கத்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். எங்கள் ஒரே மகள் ரண்டர்ஸ் நகரத்தில் தனியாக இருந்து வேலை பார்த்தாள்.

வீடு நகரத்துக்கு வெளியே, வயல்களின் நடுவில் ஒரு சின்ன ஊரில். நகரத்து வீடுகளுக்கு நிலத்துக்கு அடியால் சுடுநீர்க் குழாய் வரும். எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. ஒவ்வொரு அறையிலும் சன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளை ஹீற்றர், கறண்டில் வேலை செய்வது. வீடு வாங்கிய நாளில் தோட்டத்தைப் பார்த்தோம், அறைகளை எண்ணினோம், மகளுக்குப் பள்ளிக்கூட பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டோம். எதனால் சூடாக்குகிறார்கள் என்பதைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விலை மலிவாக இருந்தது, அதுவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

உக்ரைனில் போர் தொடங்கிய வருடம் விலை ஏறியது. அந்த இலையுதிர்காலத்தில் வந்த முதல் பில்லைப் பார்த்துவிட்டு இருவரும் சாப்பிடாமல் படுத்தோம். மகள் வந்து அப்பாவின் கைத்தொலைபேசியில் மின்சார விலையைக் காட்டும் ஒரு அப்பைப் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு கோடு, மலிவான நேரம் பச்சை, விலை கூடிய நேரம் சிவப்பு. பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை, நாடு முழுவதும் சமைக்கும் நேரம் என்பதால் மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்கான கட்டணமும் பல மடங்கு ஏறும் என்று அவள் விளக்கினாள். டேனிஷில்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விலை மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு வரும். பன்னிரண்டரைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருப்பார். விலை வந்ததும் ஒரு கொப்பியில் எழுதுவார். உடுப்புத் தோய்க்கும் மெஷின் இரவு இரண்டு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி செய்தார். சோறும் கறியும் பகலிலேயே முடிந்துவிட வேண்டும். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பழைய வேலை நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தொலைபேசி எடுத்து, அண்ணை, நாளைக்கு எப்பிடி என்று கேட்பார்கள். அவர் வானிலை வாசிப்பவரைப் போல நிதானமாகச் சொல்வார். வேலையை விட்ட பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அந்தக் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், உண்மைதான்.

ஆனால் குளிர் உடுப்புத் தோய்ப்பதைப் போன்றது அல்ல, அதை இரவு இரண்டு மணிக்குத் தள்ளிவைக்க முடியாது. மத்தியானம் மலிவாக இருந்த நாட்களில் எல்லா ஹீற்றரையும் முழுதாகத் திறந்து வீட்டைச் சூடாக்கிப் பார்த்தார். பழைய வீடு, சூட்டைப் பிடித்துவைக்கச் சுவருக்குள் ஒன்றும் இல்லை. நிறுத்திய ஒரு மணித்தியாலத்தில் சூடு போய்விடும்.

அப்படியிருந்தும் அடுத்த பில் குறைந்து வந்தது, நன்றாகவே குறைந்து வந்தது. வேலைத்தளத்தில் டேனிஷ்காரப் பெண்கள் தங்கள் பில்லைப் பற்றிப் புலம்பியபோது, என் கணவர் கெட்டிக்காரர் என்று நான் சொன்னேன். எப்படிக் குறைந்தது என்று அவரைக் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் வேலையில் எனக்குத் தலையிடி தாங்க முடியவில்லை. என்னுடன் நின்றவள் என் பொறுப்பில் இருந்த முதியவர்களையும் தான் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஏழு மணிக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது உள்ளே ஒரு வெளிச்சமும் இல்லை. கதவைத் திறந்ததும், வெளியே இருந்ததைவிட உள்ளே ஈரமான குளிர். குசினியில் லைற்றைப் போட்டேன். அவர் கதிரையில் இருந்தார். வெளியே போகும் ஜக்கற், தொப்பி, கையுறை. மகள் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோன நித்திரைப் பைக்குள் கால் இரண்டும். மேசையில் பாதி தின்ற புட்டு, ஆறிக் கல்லாய்க் கிடந்தது. அவர் வாயிலிருந்து புகை போல மூச்சு வந்தது. சுவரில் இருந்த வெப்பமானி பதினொன்று காட்டியது.

"நீர் ஏன் இப்ப வந்தனீர்?" என்றார். "இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு."

அப்போதுதான் விளங்கியது. நான் இரண்டரைக்குக் காரை எடுத்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஒன்பதுக்குப் பிறகு போடுவார். பதினொன்றரைக்கு நான் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வீடு இதமாக இருக்கும். எத்தனை நாளாக இது என்று கேட்டேன். கார்த்திகையிலிருந்து என்றார். நான் கத்தினேன். உங்கள் நெஞ்சுக்கு இது ஆகாது என்று டொக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் உழைக்கேல்லைத்தானே. இதொண்டுதான் எனக்கு ஏலும். இதையும் நிப்பாட்டெண்டு சொல்லாதையும்."

படுக்கை அறை ஹீற்றரை மட்டும் எந்நேரமும் போட்டிருக்க வேண்டும், அவர் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். ஓம் என்றார்.

அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காற்று கெதியாகச் சூடாகிவிடும், பொருட்கள் சூடாகாது. நள்ளிரவில் சோறு போட லாச்சியைத் திறந்து அகப்பையை எடுத்தால் அது பனிக்கட்டி போல இருக்கும். மெத்தைக்கு உள்ளே குளிர் இருக்கும். படுக்கை அறைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன், அது நாள் முழுக்கச் சூட்டைக் காணாத சுவர். நான் கையை எடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். இன்றைக்குக் களைப்பு, நாளைக்குக் கேட்போம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாத பில்லும் குறைவாக வந்தது.

மாசியில் இருமல் தொடங்கியது. ஒரு வாரம் பனடோலைப் போட்டுச் சமாளித்தார். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். உதடு நீலம். நினைவு தடுமாறி, என்னைப் பார்த்து என் தங்கையின் பெயரைச் சொன்னார். அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய கால்களை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, வீட்டில் சூடு எவ்வளவு வைத்திருப்பீர்கள் என்று கேட்டாள். இருபது என்றேன். மகள் ரண்டர்ஸிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வாரம் அங்கே கிடந்தார். அப்பாவின் உடுப்பு எடுக்கப் போன மகள், அலமாரியில் இருந்த வீட்டுப் பத்திரங்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு கொம்யூனின் வீட்டுப் பதிவேட்டையும் இணையத்தில் தேடியிருக்கிறாள். எங்கள் வீடு அதில் இன்னும் எண்ணெய் அடுப்பால் சூடாகும் வீடு என்றே இருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர் எண்ணெய் அடுப்பை எடுத்துவிட்டு ஹீற்றர் போட்டவர், பதிவை மாற்றவில்லை. வீட்டை வாங்கிய நாங்களும் மாற்றவில்லை, அது எங்கள் கடமை என்பதே எங்களுக்குத் தெரியாது. மின்சாரத்தால் சூடாக்கும் வீட்டுக்கு, ஓரளவுக்கு மேல் பாவிக்கும் மின்சாரத்துக்கு வரி குறைவு. நாங்கள் வந்த நாளிலிருந்து முழு வரியையும் கட்டிக்கொண்டிருந்தோம். மகள் தொலைபேசியில் இதை டேனிஷில் வேகமாகச் சொன்னாள், நடுவில் அழுதாள். ஒரு படிவம் அம்மா, ஒரேயொரு படிவம் என்று அந்த இடத்தில் மட்டும் தமிழில் சொன்னாள்.

அவள் படிவத்தை நிரப்பினாள். பின்னோக்கிச் சில வருடங்களுக்குரிய பணம் திரும்பி வந்தது. அதற்கு முந்தியது போனதுதான். அவர் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் சொன்னோம். மூக்கில் ஒக்சிசன் குழாயோடு கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். எவ்வளவு என்று கேட்டார். மகள் சொன்னாள். கொப்பியைக் கொண்டு வரச் சொன்னார். தான் மிச்சம் பிடித்ததை மாதம் மாதமாக எழுதி வைத்திருந்தார் போலும். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடிவிட்டு என்னைக் கேட்டார்.

"அப்ப நான் குளிருக்குள்ள இருந்ததெல்லாம் சும்மாவே?"

இல்லை, நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் வீடே போயிருக்கும் என்று சொன்னேன். அவர் மிச்சம் பிடித்ததைவிடத் திரும்பி வந்தது கூட, அவருக்குக் கணக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பணத்தில் வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து எடுக்கும் பம்ப் ஒன்று பூட்டினோம். இப்போது வீடு நாள் முழுக்க இருபத்திரண்டில் நிற்கிறது, செலவும் முன்பு இருந்ததில் பாதி. ஒக்சிசன் மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. அந்த மின்சாரத்துக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள் என்று தாதி சொன்னாள். அவர் அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுகிறார். கேட்டால் ஓம், இல்லை. அவர் என்னோடு ஒரு நாள் சண்டை பிடித்தால்கூட நன்றாக இருக்கும்.

அப்பா உங்களுக்குத் தெரியாமல் ஹீற்றரை நிறுத்தி ஏமாற்றிவிட்டார் அம்மா, உங்களில் பிழை இல்லை என்று மகள் இப்போதும் ஆறுதல் சொல்வாள். நான் அவளைத் திருத்துவதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்கும் தெரியுமா? அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அவரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை.