ஏழு வானத்துக்கு மேல் கேட்ட சொல்

கவுஸ் மைதீனின் இடது காலுக்கு மருந்து கட்டுவது ஜரீனாவின் வேலை. சுபுஹு தொழுகை முடிந்ததும் ஹாலில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கணவனை நாற்காலியில் உட்கார வைத்து, நேற்றைய கட்டை அவிழ்ப்பாள். புண்ணைக் கழுவி, ஓரத்தை ஒற்றி, புதுத் துணி வைத்துச் சுற்றுவாள். சர்க்கரை நோயில் பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்ட கால் அது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்ததால் இத்தனை நாளும் வெறுங்கையால்தான் செய்துவந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாகக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கவுஸ் மைதீன் கையுறையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

கையுறை கீழ்வீட்டு லெட்சுமி கொடுத்தது. பக்கத்து ஊர் காப்பாரில் கையுறை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை அவளுக்கு. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டியவள், "என்னக்கா, அங்கிளுக்கு ஆப்பரேஷன் நீங்களே பண்ணிருவீங்க போலிருக்கே லா" என்று சிரித்தாள். ஜரீனாவும் சிரித்து வைத்தாள். லெட்சுமியிடம் எதையும் சொல்லக்கூடியவள்தான். இதைச் சொல்ல முடியவில்லை.

ஜரீனா பயந்த சுபாவம் என்பது மலேசியாவின் கிள்ளானில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். இடி இடித்தால் டிவி வயரைப் பிடுங்குவாள். கேஸை மூடிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். கவுஸ் மைதீன் போர்ட் கிள்ளானிலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டிய காலத்தில், அவர் ஜொகூர் போய்ச் சேர்ந்து போன் பண்ணும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. உங்க வீட்டில் உனக்கு நகையோடு பயத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள் என்று அவர் கேலி செய்வார். ஆனால் அதெல்லாம் வெளியிலிருந்து வரக்கூடியவற்றைப் பற்றிய பயம். கதவைச் சாத்தினால் பாதி குறையும். இது கதவுக்கு உள்ளேயே நடந்து முடிந்துபோன ஒன்று.

வியாழன்தோறும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ரேஷ்மா வீட்டில் பெண்களுக்குப் பயான், மார்க்கப் பேச்சு, நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த கம்ப்யூட்டர் பொறியாளரின் மனைவி ரேஷ்மா. அங்கே மதரஸாவில் முறையாக ஓதியவள், நிதானமாகப் பேசுவாள். கையுறை போட்டதற்கு முந்தின நாள் அவள் சொன்னது கவ்லா என்ற பெண்ணின் கதை. புருஷன் கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல என்று சொல்லிவிட்டான். மனைவியைத் தாய்க்கு ஒப்பாக்கி விலக்கிவைக்கும் பேச்சு அது. அதற்கு ளிஹார் என்று பெயர். கவ்லா நபியவர்களிடம் வந்து முறையிட்டாள். அதே வீட்டில் ஒரு மூலையில் இருந்த ஆயிஷா நாயகிக்கே அவள் பேச்சில் கொஞ்சம் காதில் விழவில்லை. ஆனால் அர்ஷ் என்னும் அரியணைக்கு மேலே இருக்கிற ரப்பு, இறைவன், அதை முழுக்கக் கேட்டு வசனம் இறக்கினான். பின்னாளில் கிழவியான கவ்லா தெருவில் நிறுத்திப் பேச, ஆட்சியில் இருந்த உமர் நின்று கேட்டார். உடன் வந்தவர் முகம் சுளித்தபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் எவளுடைய முறையீட்டைக் கேட்டானோ அந்தப் பெண் இவள் என்றார்.

எப்படி மேலே இருக்கிறான் என்று கேட்கப் போகக்கூடாது, நம்ப வேண்டும் என்று ரேஷ்மா முடித்தாள். நம்ம அடுப்படியில் அழுதால்கூட அவனுக்குக் கேட்கும் என்று சொன்னபோது இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோருக்கும் நெஞ்சு குளிர்ந்தது.

ஜரீனாவுக்குக் கை ஜில்லிட்டுப் போயிற்று. அடுப்படி அழுகை கேட்குமானால், அதே அடுப்படியில் தன் புருஷன் சொன்னதும் கேட்டிருக்குமே.

கவுஸ் மைதீன் அதைச் சொன்னது விரலெடுத்து வீட்டுக்கு வந்த புதிதில். தெருமுனை மாமாக் உணவுக்கடையில் திருட்டுத்தனமாக இனிப்பான கெட்டிப் பால் போட்ட டீ குடித்துவிட்டு வந்தவரை அவள் அடுப்படியில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கண்டிச்சிக்கிட்டே இருக்கியா? சரி. இனிமே நீ எனக்கு என் அம்மா மாதிரி. அம்மா பக்கத்துல எவன் படுப்பான்?" தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவர், சில நாள் அங்கேயே படுத்தார். பிறகு மழை இரவு ஒன்றில் கொசு கடிக்கிறது என்று அறைக்குத் திரும்பி வந்தார். அவளும் நகர்ந்து இடம் விட்டாள். அதற்கப்புறம் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருந்தார்கள். அந்தச் சண்டையை லெட்சுமியிடம் வேடிக்கையாகச் சொல்லி இருவரும் சிரித்ததுகூட உண்டு.

சொன்னவன் பரிகாரம் செய்யும்வரை மனைவியைத் தொடக்கூடாது என்று அன்றைய பயானில் ரேஷ்மா சொல்லியிருந்தாள். ஒரு அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதம் விடாமல் நோன்பு, முடியாதவர் அறுபது ஏழைகளுக்குச் சாப்பாடு. அப்படியானால் இவ்வளவு காலம் தாங்கள் வாழ்ந்தது என்ன? அன்று இரவிலிருந்து அவள் முதுகு வலிக்கிறது என்று ஹாலில் பாய் விரித்தாள். வானத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. துணி காயப்போட பால்கனிக்குப் போனால் தலையை நிமிர்த்தாமல் கிளிப் மாட்டிவிட்டு வந்தாள். வாய் திறந்து துஆ கேட்டுப் பிரார்த்திக்கக்கூடத் துணியவில்லை. கேட்கிறவனுக்கு மற்றதும் நினைவிருக்குமே என்று. அவர் வழக்கம்போல் "ஏம்மா, தண்ணி கொண்டா" என்றால், அந்த 'அம்மா'வைக் கேட்டதும் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

மருந்து கட்டுவதற்குத் தொடலாமா என்பதையும் அவள் ரேஷ்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் யார் கால் என்று தெரிந்துவிடும். அதனால்தான் கையுறை.

அடுத்த வியாழன் எல்லோரும் போனபின் செருப்பைத் தேடுவதுபோல நின்று, ரவாங் ஊரில் தெரிந்த ஒருத்தி என்று ஆரம்பித்தாள். ரேஷ்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளை அடுக்கியபடியே கேட்டாள்.

"சொன்னவர் என்ன நினைச்சுச் சொன்னாருங்கிறதுதான் முதல்ல அக்கா. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். அந்த அக்காவை வீட்டுக்காரர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. அப்புறம் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட போகலாம்."

போய்க் கேட்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. மேலும் சில நாள் கையுறையோடேயே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டு பாதி சுற்றியிருக்கும்போது கவுஸ் மைதீன் காலை இழுத்துக்கொண்டார்.

"நாறுதுன்னா வாயத் தொறந்து சொல்லிடு. கிளினிக்ல போய்க் கட்டிக்கிறேன். உன்னைப் படுத்தணும்னு எனக்கு ஆசையா?"

அவர் குரல் உடைந்திருந்தது. லோரி டயர் வெடித்த கதையைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்கிற மனுஷன்.

ஜரீனாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்றமில்லைங்க என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். கவ்லாவை, அர்ஷை, கெட்டிப் பால் டீயை, மழை இரவை, ஹாலில் விரித்த பாயை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் போய், அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேறொன்று வந்தது. அந்தப் பயத்தை அவள் கண்ணாடியில்தான் இதுவரை பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டி, மனசுல ஒண்ணுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவள் நம்பிவிடுவாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவாள். அவர் அதைத்தான் சொல்வார் என்றே நினைத்திருந்தாள்.

"அன்னைக்கு என்ன நினைச்சுச் சொன்னீங்க?"

கவுஸ் மைதீன் வாயைத் திறந்தார். கண் ஒரு கணம் மேலே, கேட்டுக்கொண்டிருப்பவன் பக்கம், போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. விளையாட்டுக்குத்தானே?"

அவர் நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்தார். கட்டின் நுனி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அவள் பிடிக்கக் கையை நீட்டினாள். தொடாதே என்பதுபோல அவர் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவள் பக்கம் திரும்பாமல், ஹாலைவிட்டு வெளியே போனார்.